தோற்றம் பற்றிய அழுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானா?

பட்டர்வொர்த் வாசகரின் கேள்வி, 6 ஜனவரி 2024

தோற்றத்தைப் பற்றிய அழுத்தம் பெண்களுக்கு மட்டுமே உரியது என்பதுபோல எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு 34 வயது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது. நல்ல வேலை இருக்கிறது, கடன் இல்லை. ஆனால் படத்தை அனுப்பிய மறுநாளே பெண் வீட்டாரின் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு பெண்ணை இப்படி ஒதுக்கினால் ஊரே கண்டிக்கும். என்னை ஒதுக்கினால் சிரிக்கிறார்கள். இரு பாலருக்கும் அழுத்தம் ஒன்றுதான் என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கலாம்.

7 ஜனவரி 2024

ஒன்றுதான் என்பதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு அழுத்தமே இல்லை என்பவர்களையும் ஏற்கவில்லை.

பினாங்கு லெபோ பாசாரை ஒட்டிய சந்தில் எங்கள் தையற்கடை இருக்கிறது. அப்பா காலத்தில் கால்சட்டை மட்டும் தைத்த கடை. இப்போது முன்பக்கம் அண்ணன் ஆண்களுக்குத் தைக்கிறார்; திரைச்சீலைக்குப் பின்னால் நான் ரவிக்கை தைக்கிறேன். நடுவில் இருப்பது ஒரு துணிதான் என்பதால் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழும்.

என் பக்கம் வரும் பெண், நான் அளவு நாடாவைக் கையில் எடுக்கும்போதே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாள். "பிள்ளை பெற்ற உடம்பு அக்கா." "கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவேன், ஓர் அங்குலம் பிடித்தே தையுங்கள்." "கையை முழங்கை வரைக்கும் இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் புஜம் பெரிதாகத் தெரியும்." கூட வந்த அம்மாவோ சித்தியோ அதற்கு ஆமாம் போடுவதோடு நிற்க மாட்டார், இரவில் சோற்றை விடு, கடலை மாவு பூசு, அந்த நிறம் உனக்கு எடுக்காது, இந்த நிறத்தை எடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். எல்லாம் அன்பினால்தான்.

அண்ணன் பக்கம் மாப்பிள்ளையோடு நண்பர்கள் வந்திருப்பார்கள். அண்ணன் வயிற்றளவை வாய்விட்டுச் சொன்னதும் அவர்களில் ஒருவர், "இது எத்தனையாவது மாசம்?" என்று கேட்பார். அளவு கொடுப்பவர்தான் எல்லாருக்கும் முன்பாகச் சிரிப்பார்.

பெண்ணிடம் அறிவுரையாக வருவது ஆணிடம் கிண்டலாக வருகிறது. அறிவுரையைக் கேட்டவள் அதன்படி நடந்து காட்ட வேண்டும். அதற்குப் பணம், நேரம், பட்டினி எல்லாம் செலவாகும், அது ஐம்பது வயதிலும் முடியாது. கிண்டலைக் கேட்டவன் சிரித்துவிட்டால் போதும். செலவில்லை, ஆனால் வலித்தது என்று சொல்ல அவனுக்கு இடமும் இல்லை. அளவைக் கேட்டால் பெண்ணுக்கே அதிகம் என்பேன். ஆனால் வகையே வேறு என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்.

9 ஜனவரி 2024

"அறிவுரை சொல்பவர்களும் பெண்கள்தானே" என்று ஈப்போவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் பெண்கள்தாம். அந்தத் தாய் யாருடைய கண்ணை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பெண் பார்க்க வரப்போகிறவர்களின் கண்ணை முன்கூட்டியே தனக்கு மாட்டிக்கொண்டுதான் மகளைப் பார்க்கிறார். அதே தாய் மகனுக்கு மறுசோறு போடுவார். மகன் இளைத்துப்போனால் வீட்டுச் சமையலுக்குக் கெட்ட பெயர். மகள் பருத்துப்போனால் மகளுக்குக் கெட்ட பெயர்.

14 ஜனவரி 2024

தைமாதத் திருமண வேலைக்கு நடுவில் இதை எழுதுகிறேன், ஆகவே நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களின் கால்சட்டை இடுப்பளவை நம்பக் கூடாது என்பது அண்ணனின் நெடுநாள் கொள்கை. தொப்பை வந்த ஆண் கால்சட்டையைத் தொப்பையின் மேல் கட்டுவதில்லை. கீழே இறக்கிக் கட்டுகிறார். தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றினால் 42 அங்குலம் காட்டும். அவர் கட்டும் இடத்தில் 36தான் காட்டும். எனவே முப்பது வயதில் 36 வாங்கியவர் ஐம்பத்தைந்து வயதிலும், "எனக்கு எப்போதும் 36தான்" என்று தயங்காமல் சொல்கிறார். அண்ணனின் அளவுப் புத்தகத்தைப் புரட்டினால் அவருடைய இடுப்பு எண் அசையாமல் நிற்கும். இடுப்புப் பட்டியிலிருந்து கவட்டை வரையுள்ள முன்பக்க உயரம் மட்டும் ஒவ்வொரு முறையும் கால் அங்குலம், அரை அங்குலம் என்று குறைந்துகொண்டே வரும். தொப்பை எங்கே போயிற்று என்பது அந்த ஒரு பத்தியில்தான் பதிவாகியிருக்கிறது.

ரவிக்கைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை இறக்கிக் கட்ட முடியாது. மார்பு இருக்கும் இடத்தில்தான் அது நிற்க வேண்டும், கொக்கி மாட்டினால் மாட்டும், மாட்டாவிட்டால் இல்லை. அதனால்தான் இரு பக்க உள்தையலிலும் துணி விட்டு, பின்னால் பிரித்துக்கொள்ள வசதியாக இரண்டு மூன்று தையல் அடுத்தடுத்து ஓட்டிக் கொடுக்கிறோம். பெண்ணின் உடம்பு மாறுவது என்பது அவள் ஒவ்வொரு தையலாகப் பிரித்துத் தன் கண்ணாலேயே பார்க்கும் காரியம். என் புத்தகத்தில் எண்கள் ஏறுகின்றன, சில சமயம் இறங்குகின்றன, ஒன்றுகூட மறைவதில்லை.

இதில் ஆணுக்கு லாபம் என்றுதான் நானும் முதலில் கணக்குப் போட்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கிளினிக்கில் இடுப்பளவு எடுப்பவர்கள் தையற்காரரைப்போல எடுப்பதில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைப் பிடிக்கிறார்கள். ஆசிய நாட்டவருக்கு அந்த இடத்தில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதுதான் எல்லை. நம் 36 அங்குலக்காரர் அங்கே போய் நின்றால் ஏறக்குறைய 107 செ.மீ. காட்டும், அவர் நாடா தவறு என்பார். மலேசியாவின் தேசிய உடல்நல ஆய்வில், உடல் எடை கூடியவர்களும் உடற்பருமன் உள்ளவர்களும் சேர்ந்து பெரியவர்களில் 2015இல் 47.7 விழுக்காடு, 2019இல் 50.1 விழுக்காடு. ஆண், பெண் இரு தரப்பும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. உடம்பு இருவருக்கும் ஏறுகிறது. ஒருத்திக்கு மட்டும் நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது, மற்றவருக்கு இனிப்புநீர் வந்த பிறகுதான் யாராவது சொல்கிறார்கள்.

15 ஜனவரி 2024

அண்ணன் மேலே உள்ளதைப் படித்துவிட்டார். தம்மைப் பற்றி எழுதியதாக நினைக்கிறார். மறுக்கவில்லை.

28 ஜனவரி 2024

முடியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தைப்பூசம் முடிந்த வாரம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீர்மலை முருகன் கோவிலின் அடிவாரத்தில் முடியிறக்கும் இடத்தில் ஆண், பெண், கைக்குழந்தை எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள், ஒரே சந்தனம் பூசப்படுகிறது. அன்றைக்கு மொட்டைத் தலையுடைய பெண்ணைப் பார்த்தால் வழிவிடுவார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் தம் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக வேண்டிக்கொண்டு கணவரோடு சேர்ந்து முடியிறக்கினார். வேலைக்குத் திரும்பிய நாளில் கணவரிடம், "இந்த வெயிலுக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்களாம். மனைவியிடம் என்ன நோய் என்று கேட்டார்கள். இரண்டாவது நாள் முதல் தலையில் துணி கட்டிக்கொண்டு போகிறார். வேண்டுதல் ஒன்று, கத்தி ஒன்று, ஒரே கோவில். ஆணுக்கு அது ஒரு வாரத்துச் செய்தி, பெண்ணுக்கு ஓராண்டு விளக்கம்.

ஆனால் தானாகக் கொட்டும் முடி என்று வந்தால் கணக்கு புரண்டுவிடுகிறது. வழுக்கையைக் கிண்டல் செய்வதற்கு யாரும் தயங்குவதில்லை; மேடையில் பேசுகிறவர் தொடங்கி மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆற்றுகிறவர் வரை அதற்கு உரிமை எடுத்துக்கொள்கிறார்கள். பெண்ணுக்கு முடி மெலிந்தால் குரலைத் தாழ்த்தி எண்ணெய் சொல்வார்கள். "தைப்பூச வாரத்தில்தான் நான் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறேன்" என்று அண்ணனின் நண்பர் ஒருவர் சொன்னதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். வேறென்ன செய்வார்?

18 பிப்ரவரி 2024

கிள்ளான் வாசகர் நிறத்தைப் பற்றி ஏன் இன்னும் பேசவில்லை என்று கடிந்துகொண்டிருக்கிறார். பேசாமல் இருக்க முடியாது. ஆனால் இதைப் பேசினால் எனக்குச் சற்றுக் கோபம் வரும்.

அண்ணனுக்கும் எனக்கும் அப்பாவின் நிறம். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே வெயில். உறவினர்கள் அண்ணனைப் பார்த்து, "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறான்" என்பார்கள். என்னைப் பார்த்து, "களையாகத்தான் இருக்கிறாள், கொஞ்சம் நிறமாக இருந்திருக்கலாம்" என்பார்கள். என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று எண்ணினால் இரண்டிலும் ஏறக்குறைய அவையேதான். எதை முதலில் வைத்து எதை இறுதியில் வைத்தார்கள் என்பதில்தான் என் பள்ளிப்பருவம் கழிந்தது. அத்தை பாலேடும் கஸ்தூரி மஞ்சளும் கொண்டு வருவார். அண்ணனுக்கு யாரும் எதுவும் பூசவில்லை.

கடையில் விற்கும் களிம்புகளிலும் இந்த வரிசை தெரிகிறது. இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது 2005இல். முப்பது ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் ஆண்கள் மனைவியின் குழாயிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த இரகசியம். 2020இல் முதலாவதன் பெயரில் இருந்த வெண்மை நீங்கிப் பொலிவு வந்தது. வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பது மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெரிய நிறுவனக் களிம்புகளைவிட, பெயர் தெரியாத டப்பாவில் இணையத்தில் விற்பவைதாம் அபாயமானவை. பாதரசம் தோலில் கருமைப்பொருள் உருவாவதைத் தடுப்பதால் நிறம் சில வாரங்களில் வெளுக்கும். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். அது தோலின் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்புப்பொருளை நெடுநாள் பூசினால் சிலருக்கு முகத்தில் நீலங்கலந்த கருந்திட்டுகள் வரும், அதாவது எதற்குப் பயந்து பூசினார்களோ அதுவே வரும். ட்ரெட்டினாயின் என்ற மருந்தைக் கருவுற்றவர்கள் தொடக் கூடாது. இந்த மூன்றில் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களின் விற்பனைப் பதிவைச் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது இரத்து செய்து பட்டியல் வெளியிடுகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா பன்னாட்டு உடன்படிக்கையின்படி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட வெளுப்புக் களிம்புகளுக்கு 2020 கெடுவாக இருந்தது. 2023இல் கூடிய மாநாடு, பாதரசம் சேர்த்த அழகுப்பொருள் எதுவுமே 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தது. மலேசியாவில் முறைப்படி விற்கும் அழகுப்பொருளுக்கு என்ஓடி என்று தொடங்கும் எண் இருக்கும்; முகமையின் இணையத்தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். ரவிக்கையைப் பிரித்துத் தைக்கலாம், சிறுநீரகத்தைத் தைக்க எனக்குத் தெரியாது.

20 பிப்ரவரி 2024

மேலே தம்மை ஏதோ நிறத்தொல்லையே இல்லாமல் வளர்ந்தவர்போல எழுதிவிட்டேன் என்று அண்ணன் சொல்கிறார். அவர் சொன்னதை அப்படியே சேர்க்கிறேன். இடைநிலைப் பள்ளியில் வேற்றினப் பையன்கள் அவருக்கு நிறத்தை வைத்து ஒரு பெயர் சூட்டினார்கள். மின்சாரம் தடைப்பட்டால், "பல்லைக் காட்டு, இருக்கிற இடம் தெரியட்டும்" என்பார்கள். ஐந்தாண்டும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார், அந்தப் பெயராலேயே கால்பந்துக் குழுவில் எழுதப்பட்டார். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வீட்டுக்குள் கிடைத்தது அவருக்கு வெளியே கிடைத்திருக்கிறது. எனக்குப் பூசிவிட ஓர் அத்தையாவது இருந்தார். அண்ணனிடம் யாரும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

17 மார்ச் 2024

பள்ளி திறந்த வாரம். சீருடை வேலை.

ஆண் பிள்ளைகள் கால்சட்டையின் அடிப்பகுதியை ஒடுக்கித் தைக்கச் சொல்கிறார்கள்; பள்ளி அதை அனுமதிப்பதில்லை, ஒரு மாதத்தில் அகலப்படுத்த மீண்டும் வருகிறார்கள். முடி காதைத் தொடக் கூடாது, கழுத்துப்பட்டியைத் தொடக் கூடாது. என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குச் சபைக்கூடலில் எல்லார் முன்னிலையிலும் ஒரு பக்கம் மட்டும் கத்தரித்து, மீதியை வீட்டில் வெட்டிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். ஒரு பெண் பிள்ளையின் பின்னலில் ஓர் ஆசிரியர் கத்தரிக்கோல் வைத்தால் மறுநாள் செய்தித்தாளில் வரும். பையனுடைய தலையில் வைத்தால் அவனுடைய தகப்பனாரே, "நல்லா வேணும்" என்கிறார். அதிகாரம் கைநீட்டித் தொடும் இடத்தில் ஆண் பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு குறைவு என்று நினைக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு. பாஜு கூரோங் என்ற நீள மேலாடைச் சீருடை உடம்பைக் காட்டுகிறதா, உள்ளாடையின் நிறம் தெரிகிறதா என்ற கவலை. "வளரும் பிள்ளை, தாராளமாக வையுங்கள்" என்று அம்மாக்கள் சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு. பத்து வயதுப் பிள்ளை அளவு கொடுக்கும்போது தோளைக் குறுக்கி முதுகை வளைத்து நின்றால் எனக்குப் புரிந்துவிடும். நிமிர்ந்து நில்லம்மா, அளவு தவறிவிடும் என்று மட்டும் சொல்வேன்.

12 மே 2024

"சட்டமும் வேலையிடமும் இருவரையும் சமமாகத்தானே நடத்துகின்றன" என்று கோலாலம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார். காகிதத்தில் பெரும்பாலும் அப்படித்தான். விமானப் பணியாளர் வழக்கை நினைவூட்டுகிறேன். 25 ஆண்டு பணியாற்றிய பெண் பணியாளர், விமான நிறுவனம் விதித்த எடை வரம்பை 0.7 கிலோ தாண்டியிருந்ததற்காக 2017இல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். எடையைக் குறைக்கப் போதிய வாய்ப்பளிக்கப்பட்டது என்று கூறி, 2020 பிப்ரவரியில் தொழில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. விதி விமானப் பணியாளர் எல்லாருக்கும் பொது. ஆனால் வயிற்றைச் சட்டைக்குள்ளும் மேல்சட்டைக்குள்ளும் வைத்துக்கொள்ளும் உடுப்பு ஒருவருக்கு, உடம்பை ஒட்டித் தைத்த கெபாயா மேலாடை மற்றவருக்கு என்று இருக்கும்போது, யாருடைய முக்கால் கிலோ முதலில் கண்ணில் படும் என்பதைத் தையற்காரி சொல்ல வேண்டியதில்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினம் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. உடற்பருமன், உயரம், நிறம் என்ற சொற்கள் அங்கே இல்லை.

4 ஆகஸ்ட் 2024

ஆடி மாதம். தைக்க ஆளில்லை, எனவே படிக்க நேரம் இருக்கிறது. அண்ணன் மகள் உளவியல் படிக்கிறாள். இந்த வாதத்தை அவளிடம் சொன்னபோது மூன்று ஆய்வுகளைச் சொன்னாள்.

முதலாவது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபாலன், ரோசின் என்ற இருவர் 1985இல் வெளியிட்டது. மாணவர்களிடம் மெலிந்த உருவம் முதல் பருத்த உருவம் வரை ஒன்பது படங்களைக் காட்டி, நீ இருப்பது எது, நீ விரும்புவது எது, எதிர்ப்பாலர் விரும்புவது எது என்று கேட்டார்கள். ஆண்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே படத்தில் வந்து நின்றன. பெண்கள் தாங்கள் இருப்பதாகக் காட்டிய படம், ஆண்கள் விரும்புவதாக நினைத்த படத்தைவிடப் பருமன். தாங்கள் விரும்பிய படமோ அதைவிடவும் மெலிவு. இன்னொன்றும் வெளிப்பட்டது. ஆண்கள் உண்மையில் விரும்பியதைவிட மெலிந்த உடம்பையே ஆண்கள் விரும்புவதாகப் பெண்கள் நினைத்தார்கள். பெண்கள் உண்மையில் விரும்பியதைவிடப் பெரிய உடம்பையே பெண்கள் விரும்புவதாக ஆண்கள் நினைத்தார்கள். இரு தரப்பும் மற்றவர் கேட்காததைக் கொடுக்க முயல்கிறார்கள். இதைப் படித்து நான் நெடுநேரம் சிரித்தேன். எங்கள் கடையின் திரைச்சீலைக்கு இரு புறமும் நடப்பது இதுதான்.

ஆனால் அவர்கள் நாற்பது ஆண்டுக்கு முந்தைய அமெரிக்க மாணவர்கள். நம் ஊருக்கு நெருக்கமானது விரேன் சுவாமியும் டோவியும் 2005இல் வெளியிட்டது. பிரிட்டன், கோலாலம்பூர், சபா கிராமப்புறம் என்று ஒப்பிட்டதில், நகரத்தார் மெலிந்த பெண்ணுருவத்தையும் கிராமத்தார் அதைவிடச் சதைப்பற்றுள்ளதையும் விரும்பினார்கள். எங்கள் பாட்டி தோட்டப்புறத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். "பூசினாற்போல இருக்கிறாள்" என்பது அவர் வாயில் பாராட்டு. ஜார்ஜ் டவுனில் இப்போது அதை ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பட்டர்வொர்த் நண்பருக்கு உதவும். ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999இல், அமெரிக்கப் பையன்கள் விளையாடும் போர்வீரப் பொம்மைகளை அளந்தார்கள். 1960களின் பொம்மை சாதாரண ஆளைப்போல இருந்தது. 1990களின் பொம்மைகளுக்குக் கையும் மார்பும் பெருத்துக்கொண்டே போய், மனிதரில் காண முடியாத அளவை எட்டிவிட்டிருந்தன. தசை எவ்வளவு இருந்தாலும் போதவில்லை என்று தவிக்கும் ஆண்களின் நிலைக்கு மருத்துவப் பெயர் வைத்தவர்களும் அவர்கள்தாம், 1997இல். ஆகவே ஆணின் மேலுள்ள அழுத்தம் கூடி வருகிறது என்பதற்குச் சான்று உண்டு. கூடி வருகிறது என்பதற்குத்தான் சான்று; சமமாகிவிட்டது என்பதற்கு இல்லை.

8 செப்டம்பர் 2024

ஆவணி முகூர்த்தங்கள். முன்பக்க வேலைதான் கூடுதல், நானும் அண்ணனுக்குக் கை கொடுக்கிறேன்.

மாப்பிள்ளைகள் கேட்பவை மாறிவிட்டன. ஷெர்வானியின் தோளில் பஞ்சு வைத்துத் தூக்கித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். காலணிக்குள் உயரம் கூட்டும் தக்கை வைத்துக்கொள்ளப் போவதால் கால்சட்டையை ஓர் அங்குலம் நீட்டச் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றையாவது நண்பர்கள் முன்னிலையில் கேட்டதில்லை. எல்லாரும் போன பிறகு இரவில் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பெண் குதிகால் உயர்ந்த காலணியைப் பெட்டியோடு கடைக்கு எடுத்து வந்து, இதற்கு ஏற்ப அளவெடுங்கள் அக்கா என்கிறாள். ஆண் தக்கையை மறைத்துக் கொண்டுவருகிறான், அண்ணன் அதைப் பார்க்காததுபோல அளவெடுக்கிறார்.

உடற்பயிற்சிக்கூடம் போகும் இளைஞர்களுக்கு ஆயத்தச் சட்டை பொருந்துவதில்லை, மார்புக்கு எடுத்தால் இடுப்பில் தொங்குகிறது, எங்களுக்கு வியாபாரம். ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆண்மைச் சுரப்பை ஏற்றினால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விரை சுருங்கும், இதயத்துக்கும் கேடு. இதை நான் அவர்களிடம் சொல்வதில்லை. திரைச்சீலைக்கு இப்பால் பாதரசத்தைப் பற்றி எடுத்துச் சொல்லும் நான், அப்பால் ஏன் வாய் திறப்பதில்லை என்று அண்ணன் மகள் கேட்டாள். ஆணிடம் உடம்பைப் பற்றி அக்கறையாகப் பேச எனக்கும் பழக்கம் இல்லை. பேசினால் அவனும் சிரித்து மழுப்புவான். முதல் குறிப்பில் மற்றவர்களைப் பற்றி எழுதியதில் நானும் அடக்கம்.

10 நவம்பர் 2024

பட்டர்வொர்த் நண்பர் தீபாவளி முடிந்து மீண்டும் எழுதியிருக்கிறார். சமம் என்ற வாதத்தை விடவில்லை. இரண்டு மறுமொழிகள்.

"ஒரு பெண்ணை ஒதுக்கினால் ஊரே கண்டிக்கும்" என்றீர்கள். கண்டிப்பதில்லை. பெண் கறுப்பு, பெண் பருமன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பொருந்தவில்லை என்று திரும்பிவந்த ஜாதகத்தை அதே சோதிடர் அடுத்த வீட்டுச் சிவந்த பெண்ணுக்காகப் பொருத்திக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் நிறத்தின் குறையைப் பவுனால் ஈடுசெய்கிறார்கள்; அந்தப் பேரம் நடக்கும்போது பெண் அடுத்த அறையில் இருக்கிறாள். உங்களுக்கு மறுப்பு வெளிப்படையாக வருகிறது, பெண்ணுக்குப் பூசி மெழுகி வருகிறது. எது மேல் என்று நீங்கள் கேட்டால் எனக்கு இன்னும் விடை இல்லை. ஆனால் அவளுக்கு அது மறுப்போடு முடிவதில்லை, வீட்டுக்குள் வந்த பிறகும் தொடரும். திருமணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்கே திருமணம் ஆனாலும் அவள் இளைத்தாளா பருத்தாளா என்பது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்தி. உங்களுக்கு மணமான மறுநாள் யாரும் உங்கள் உயரத்தைப் பேசப்போவதில்லை.

அடுத்தது முடி. மருந்து எடுக்கலாமா, வழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மருந்து. தலையில் பூசும் வடிவத்தை அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988இல் அனுமதித்தார்கள். பூசுவதை நிறுத்தினால் வந்த முடி போய்விடும் என்பதை அறிந்து தொடங்குங்கள். விழுங்கும் ஃபினாஸ்டெரைடு முடிக்கென்று 1997இல் வந்தது; சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் இணையத்தில் வாங்க வேண்டாம். வழித்துவிடுவதென்றால் கடையிலேயே செய்துகொள்ளுங்கள், சொந்தக் கையால் பின்மண்டையில் கத்தி வைக்காதீர்கள். திருமணத்தன்று தலைப்பாகை வேண்டுமென்றால் அண்ணன் நன்றாகக் கட்டுவார். ஆனால் பெண் வீட்டாருக்கு அனுப்பும் படத்தில் தலைப்பாகை வேண்டாம்.